றங்குப் பெட்டியில் உறங்கும் சரித்திரம்

முத்திரை சேர்ப்பது பிள்ளைகளின் விளையாட்டு என்பது நம்மிடையே வேரூன்றிவிட்ட ஓர் எண்ணம். பள்ளிக்கூட நாட்களில் பயிற்சிக் கொப்பி ஒன்றிலே கோதுமைப் பசை தடவி ஒட்டிய முத்திரைகளை, மீசை அரும்பியதும் தம்பிக்கோ அயல்வீட்டுப் பிள்ளைக்கோ கொடுத்துவிட்டு, அந்த ஆசைக்கும் அத்துடன் விடைகொடுத்து விடுவதே வழக்கம். நாற்பது வயதிலோ ஐம்பது வயதிலோ ஒருவர் இடுக்கியும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் வாங்கி மேசை முன் அமர்ந்தால், வீட்டார் புன்னகை செய்வர். வெளியார் வேறு வேலை இல்லையோ என்று கேட்பர்.

ஆயினும், இக்கலையைத் தொடங்குவதற்கு உரிய வயது ஒன்று உண்டென்றால், அது வளர்ந்த வயதே என்று சொல்லத் தோன்றுகிறது. சிறுவன் காண்பது முத்திரையின் வண்ணத்தை. எண்ணிக்கை பெருகுவதே அவனுக்கு மகிழ்ச்சி. வாழ்ந்து பழகியவர் அதே முத்திரையைக் கையில் எடுக்கும்போது, யார் யாருக்கு எழுதினார், ஏன் எழுதினார், எந்த வழியாக அது வந்தது, வந்து சேர எத்தனை நாள் சென்றது என்ற வினாக்கள் தாமாகவே எழுகின்றன. அவ்வினாக்களே முத்திரை சேகரிப்பைச் சரித்திர ஆராய்ச்சியாக்குகின்றன.

இவ்வாறு வினவத் தெரிந்த வளர்ந்தோர்க்கு, பதுளை நகரமும் ஊவா மாகாணத் தேயிலைத் தோட்டங்களும் பிற இடங்களில் எளிதிற் கிட்டாத ஒரு செல்வத்தை வைத்திருக்கின்றன. அச்செல்வம் கடைகளில் விற்பனைக்கு இல்லை. லயக் காம்பராக்களின் மூலையில், றங்குப் பெட்டிகளின் அடியில், கலியாணச் சேலைக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் இடையே பழைய கடித உறைகளாக அது உறங்கிக் கிடக்கிறது. அது அழிந்துகொண்டும் இருக்கிறது.

ஒரு பென்சில் தொடங்கிய கதை

முத்திரையின் பிறப்பை முதலிற் சுருக்கமாகப் பார்ப்போம். இங்கிலாந்தில் முற்காலத்தில் கடிதம் பெறுபவரே கூலி செலுத்துவது பெருவழக்கு. தூரத்துக்கும் தாள்களின் எண்ணிக்கைக்கும் ஏற்பக் கட்டணம் ஏறிற்று. ஏழைகள் கடிதத்தை வாங்க இயலாமல் திருப்பி அனுப்பினர். ரோலண்ட் ஹில் என்பார் இம்முறையை மாற்றி, அனுப்புபவரே முன்கூட்டிச் சிறுகட்டணம் செலுத்தட்டும், அதற்கு அடையாளமாக ஒரு சிறு தாளை ஒட்டட்டும் என்று திட்டம் வகுத்தார். 1840ஆம் ஆண்டு மே மாதம் விக்டோரியா மகாராணியின் உருவம் தாங்கிய கரிய நிற ஒரு பென்சு முத்திரை வழக்கத்துக்கு வந்தது. உலகின் முதல் ஒட்டு முத்திரை அதுவே.

பதினேழு ஆண்டுகள் கழித்து, 1857ஆம் ஆண்டு ஏப்ரில் 1ஆந் திகதி இலங்கை தன் முதல் முத்திரையை வெளியிட்டது. அது ஆறு பென்சு முத்திரை. இங்கிலாந்துக்குச் செல்லும் அரை அவுன்சுக் கடிதத்துக்கு உரியது. அடுத்த ஈராண்டுகளில் வேறு விலைகளும் வந்தன. அவற்றுள் 1859இல் வந்த மங்கிய ரோசா நிற நாலு பென்சு முத்திரை, ஓரங்களிற் துளையிடாதது, இலங்கையின் மிக அரிய முத்திரைகளுள் ஒன்றாக உலகச் சேகரிப்போரால் மதிக்கப்படுகிறது. 1872இல் நாணய முறை ரூபாவுக்கும் சதத்துக்கும் மாறியபோது முத்திரைகளும் சதக் கணக்குக்கு மாறின. 1972 மே 22இல் நாடு குடியரசானதும் 'சிலோன்' என்ற ஆங்கிலப் பெயர் முத்திரையை விட்டு நீங்கி, 'ஸ்ரீ லங்கா' என்ற பெயர் ஏறிற்று. ஆகவே, முத்திரையில் உள்ள நாணயத்தையும் நாட்டின் பெயரையும் கொண்டே காலத்தை ஓரளவு கணிக்கப் புதியவரும் கற்றுக்கொள்ளலாம்.

அரிய முத்திரை என்றதும் விலையைப் பற்றிய நினைவு எழுதல் இயல்பு. 1856ஆம் ஆண்டின் பிரித்தானியக் கயானா ஒரு சத முத்திரை 2014இல் 90 இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேல் விலைபோனது உண்மையே. உலகில் அத்தகைய முத்திரை ஒன்றே ஒன்று உண்டு என்பதே அவ்விலைக்குக் காரணம். நமக்குக் கிடைக்கும் முத்திரைகளிற் பெரும்பாலானவை இலட்சக்கணக்கில் அச்சானவை. பழையன என்பதால் மட்டும் அவை விலையுயர்ந்தன ஆகிவிடா. வளர்ந்த வயதில் இத்துறைக்கு வருபவர் இலாப நோக்கத்தை வாசலிலேயே களைந்துவிட்டு உள்ளே வருதல் நலம். ஊவாவில் அவருக்குக் காத்திருக்கும் செல்வம் பணக் கணக்கிற் பெறுமதி குறைந்தது. ஆனால் ஒருமுறை இழந்தால் மீளக் கிடைக்காதது.

தியத்தலாவை தரும் பாடம்

ஊவாவின் பெயர் உலக முத்திரைச் சேகரிப்போருக்குப் புதியதன்று. தென்னாபிரிக்காவில் பிரித்தானியருக்கும் போயருக்கும் நடந்த போரிற் பிடிபட்ட போயர் வீரர்கள் 1900ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் முதல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டுத் தியத்தலாவை முகாமில் வைக்கப்பட்டனர். ஏறத்தாழ 5,000 பேர் அம்மலைவெளியிலே அடைபட்டிருந்தனர். அவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களும், வீட்டிலிருந்து வந்த கடிதங்களும் தணிக்கையாளரின் கண்ணுக்குத் தப்பவில்லை. தணிக்கைக் குறி பொறிக்கப்பட்ட பின்னரே அவை வழிச்சென்றன. 1902இல் போர் முடிந்ததும் கைதிகள் தாயகம் திரும்பினர்.

அவர்கள் இங்கே இருந்தது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளே. ஆயினும் அவர்களுடைய கடித உறைகளை ஐரோப்பாவிலும் தென்னாபிரிக்காவிலும் சேகரிப்போர் பக்குவமாகப் பேணுகின்றனர். ஒவ்வொரு தணிக்கைக் குறியையும் வகைப்படுத்தி எழுதி வைத்திருக்கின்றனர். ஏலங்களிற் போட்டியிட்டு வாங்குகின்றனர். அதனால் தியத்தலாவை முகாமின் வாழ்வு இன்றும் நாள் நாளாகத் துலங்குகிறது.

அதே மலைகளில், கோப்பிக் காலத்தில் வந்து, தேயிலைக் காலம் முழுவதும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் நம்மவரின் கடிதங்கள் எங்கே? புதுக்கோட்டையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் திருச்சிராப்பள்ளியிலிருந்தும் வந்த உறைகள் எங்கே? இரண்டு ஆண்டு இருந்தவரின் தபாற் சரித்திரம் முழுமையாக இருக்கிறது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவரின் தபாற் சரித்திரத்துக்கு ஏடு திறக்கவும் ஆளில்லை. ஊவாவில் முத்திரை சேர்க்க முன்வரும் வளர்ந்தவருக்கு இதைவிடப் பொருத்தமான பணி வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை.

கடிதம் வந்த வழி

பதுளைக்கு இருப்புப் பாதை வருமுன், மலைப்பகுதித் தபால் ஓட்டக்காரராலும் குதிரை வண்டிகளாலும் சுமக்கப்பட்டது. புகையிரதம் 1894இல் பண்டாரவளையை அடைந்தது. அங்கிருந்து தெமோதரை வளைவையும் ஒன்பது வளைவுப் பாலத்தையும் கடந்து பதுளை வந்து சேர 1924ஆம் ஆண்டு ஆயிற்று. அதன் பின் கொழும்பிலிருந்து புறப்படும் இரவுத் தபால் வண்டி விடியும்போது கடிதப் பைகளை மலைமேல் இறக்கிற்று.

தமிழ்நாட்டுக் கடிதங்களின் வழி இன்னும் நெடியது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் போக்குவரத்து ஏற்பட்டபின், இரண்டு நாட்டு இருப்புப் பாதைகளும் கடலாற் பிரிந்து கப்பலால் இணைந்தன. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்ததும் கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து புறப்பட்டது; உள்நாட்டுப் போர் மூண்ட 1980களில் அதுவும் நின்றது.

இவ்வளவு தூரம் வந்த கடிதம், தபாற் கந்தோரிலிருந்து உரியவர் கைக்குச் செல்லும் கடைசி மூன்று மைல்தான் மிகக் கடினமானது. லயக் காம்பராவுக்குத் தனி விலாசம் இல்லை. தோட்டத்தின் பெயரும் டிவிசனின் பெயருமே விலாசம். தோட்டத்துத் தபாற்பையிற் கடிதங்கள் தோட்டக் கந்தோருக்குப் போயின. அங்கே பிரிக்கப்பட்டு, பிறர் கைகள் வழியாக லயத்துக்கு வந்தன. பிந்தி வந்த கடிதம், பிரித்து வந்த கடிதம், வராமலே போன கடிதம் என்ற முறைப்பாடு மலையகத்தில் மிகப் பழையது. இன்றும் அது முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, பரீட்சை முடிந்த பின் கைக்கு வந்து வாய்ப்பிழந்த இளைஞரின் கதையைத் தோட்டப் பாடசாலை ஆசிரியர் எவரைக் கேட்டாலும் சொல்வர்.

இந்த முறைப்பாட்டுக்குச் சான்று எங்கே உண்டு? கடித உறையிலே உண்டு. அனுப்பிய ஊரின் தபாற் குறியில் ஒரு நாள் இருக்கிறது. வந்து சேர்ந்த தபாற் கந்தோரின் குறி பின்புறத்தில் இருக்குமாயின், அங்கே மற்றொரு நாள் இருக்கிறது. பெற்றவர் தம் கையால் 'கிடைத்தது' என்று எழுதி வைத்திருந்தால், மூன்றாவது நாளும் இருக்கிறது. மூன்றையும் ஒப்பிட்டால், தாமதம் கடலில் நேர்ந்ததா, மலையில் நேர்ந்ததா, கந்தோர் மேசையில் நேர்ந்ததா என்று உய்த்துணரலாம். முத்திரையை மட்டும் கிழித்தெடுத்து உறையை எறிந்துவிட்டால், இத்தனை சாட்சியமும் அடுப்பிலே போயிற்று.

கொழுந்து பறிக்கும் கை

முத்திரையின் படமும் சாட்சி சொல்லும். ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் காலத்தில், 1935இல் வெளியான இலங்கை முத்திரை வரிசையில் ஒன்பது சத முத்திரை தேயிலைக் கொழுந்து பறிக்கும் காட்சியைக் கொண்டது. ஆறாம் ஜோர்ஜ் காலத்தில், 1938இல் தொடங்கிய வரிசையில் அதே காட்சி இருபது சத முத்திரைக்கு இடம் மாறிற்று. சிவனொளிபாதமலை, கொழும்புத் துறைமுகம், தலதா மாளிகை, காட்டு யானைகள் ஆகியவற்றோடு ஒருங்கே வைத்து, இலங்கை தன் அடையாளமாக உலகுக்குக் காட்டிய படம் அது.

அந்த இருபது சத முத்திரை வழக்கில் இருந்த காலத்திலேதான் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறிற்று. அடுத்த ஆண்டில் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டமும், வாக்குரிமையைப் பிரஜைகளுக்கு மட்டுமாக்கிய திருத்தமும் வந்தன. கொழுந்து பறிக்கும் படம் கடிதங்களில் ஏறிக் கடல் கடந்து சென்றுகொண்டிருக்க, கொழுந்து பறித்த மக்கள் நாடற்றவராயினர். 1949 பெப்ரவரி 4இல் சுதந்திரத்தின் முதலாண்டு நிறைவுக்கு வெளியான முத்திரைகளிற் சிங்கக் கொடியும் பிரதமர் டி. எஸ். சேனநாயக்காவின் உருவமும் இருந்தன. அல்பத்தின் ஒரே பக்கத்தில் இருபது சத முத்திரையையும் இச்சுதந்திர முத்திரையையும் அருகருகே வைத்து, கீழே இரண்டு சட்டங்களின் பெயரையும் ஆண்டையும் பென்சிலால் எழுதி வைப்பவர், சரித்திர பாடம் ஒன்றைச் சொல்லிவிட்டவர் ஆகிறார். வேறு விளக்கம் அப்பக்கத்துக்குத் தேவையில்லை.

1949ஆம் ஆண்டுச் சட்டம் விண்ணப்பதாரர்களிடம் வதிவுச் சான்று கேட்டது. 1946 சனவரி 1க்கு முன், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்ததைக் காட்ட வேண்டியிருந்தது. கையிற் பத்திரம் ஏதும் இல்லாத ஏழைத் தொழிலாளிக்கு அது எத்தகைய சுமை என்பதை எண்ணிப் பார்த்தால், ஓர் ஊரின் பெயரும் ஒரு திகதியும் தெளிவாக விழுந்த தபாற் குறியின் பெறுமதி நமக்கு விளங்கும்.

பின்னர் 1964 ஒக்டோபர் 30இல் ஸ்ரீமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 9,75,000 மக்கள் எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்டனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பிற்பாடு பார்த்துக்கொள்ள வேண்டியவர். 1974இல் அவர்களையும் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பகிர்ந்துகொண்டன. உறவினரை ஏற்றிச் சென்ற வண்டிக்கு மலையக மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயரிட்டனர். அண்ணன் நீலகிரிக்கும் தங்கை நமுனுகுலைக்கும் உரியவராயினர். கோத்தகிரியிலிருந்தும் கூடலூரிலிருந்தும் பசறைக்கும் லுணுகலைக்கும் கடிதங்கள் வரத் தொடங்கியது அதன் பின்னரே. பிரிந்த குடும்பங்களுக்கு அந்த நீல நிற விமானக் கடிதங்களே வீடாக இருந்தன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இங்கு எஞ்சியோரின் பிரஜாவுரிமைக்கு வழிசெய்தது. ஆனால், இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளின் பிரிவை உள்ளவாறு சொல்ல அக்கடிதங்களைப் போல வேறு சாட்சி இல்லை.

அச்சாட்சிகள் நாளுக்கு நாள் குறைகின்றன. 1977இலும் 1983இலும் நிகழ்ந்த வன்செயல்களில் வீடுகளோடு பெட்டிகளும் எரிந்தன. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, மாண்ட உயிர்களோடு அவர்களின் ஏடுகளும் எழுத்துக்களும் மண்ணுக்குள் போயின. நெருப்புக்கும் மண்ணுக்கும் தப்பியவற்றைக் கறையானும் ஈரமும் பார்த்துக்கொள்கின்றன. கைத்தொலைபேசி வந்த பின் புதிய கடிதம் எழுதுவாரும் அருகிவிட்டனர். ஆகவே, சேர்க்க வேண்டியதைச் சேர்க்க நமக்கு வாய்த்த காலம் நீண்டதன்று.

தொடங்கும் முறை

இனி, தொடங்குவது எவ்வாறு என்று பார்ப்போம்.

முதலாவது, எல்லை வகுத்துக்கொள்ளல். உலகத்து முத்திரை அனைத்தையும் சேர்ப்பேன் என்று புறப்படுபவர் ஆறு மாதத்திற் களைத்துப் போவார். வளர்ந்தவருக்கு நேரமும் பணமும் அளவுடையன. ஊவாவின் தபாற் குறிகள் என்று எல்லை வகுத்தால், பதுளை, பசறை, லுணுகலை, மடூல்சீமை, நமுனுகுலை, தெமோதரை, ஹாலிஎல, எல்ல, பண்டாரவளை, தியத்தலாவை, அப்புத்தளை, ஹல்துமுல்லை, கொஸ்லாந்தை, வெலிமடை என்ற ஊர்ப் பெயர்களே அல்பத்தின் அத்தியாயங்களாகிவிடும். தேயிலை முத்திரைகள் என்றோ, தமிழகமும் மலையகமும் என்றோ எல்லை வகுத்தாலும் நன்றே. இந்தியா 1960ஆம் ஆண்டில் திருவள்ளுவருக்கும் பாரதியாருக்கும் முத்திரை வெளியிட்டது. அவற்றுள் ஒன்று ஒட்டிய உறை தமிழ்நாட்டிலிருந்து ஒரு தோட்டத்துக்கு வந்ததாகக் கிடைத்தால், அதைவிடச் சிறந்த தலைப்புப் பக்கம் வேண்டுமோ?

இரண்டாவது, கருவிகள். முனை தட்டையான இடுக்கி ஒன்று, உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று, முத்திரைகளைச் செருகி வைக்கும் பட்டிகள் கொண்ட ஏடு ஒன்று, இவை போதும். விரலின் வியர்வையும் எண்ணெயும் முத்திரைக்குப் பகை. ஆதலால் இடுக்கியாலேயே எடுத்துப் பழக வேண்டும். சிறிது முன்னேறிய பின் துளைமானி வாங்கலாம். முத்திரையின் ஓரத்தில் இரண்டு சென்ரிமீற்றருக்கு எத்தனை துளைகள் என்று அது காட்டும். ஆறாம் ஜோர்ஜ் வரிசையின் இரண்டு சத ரப்பர் முத்திரை பல துளையளவுகளில் வந்தது. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றுபவை துளைமானிக்கு வேறு வேறாகும். வகைகளை அறிய ஸ்டான்லி கிப்பன்ஸ் நிறுவனத்தின் விவரப் பட்டியல் உதவும். பழைய பதிப்பும் தொடக்கத்துக்குப் போதுமானதே. புதிய வெளியீடுகளையும் முதல்நாள் உறைகளையும் கொழும்பில் உள்ள தபால் திணைக்களத்தின் முத்திரைப் பணியகம் விற்பனை செய்கிறது.

மூன்றாவது, நீரில் ஊறவைக்கும் விதி. தபாற் குறி தெளிவில்லாத, கிழிந்த, விலாசம் அற்ற உறைத் துண்டிலுள்ள முத்திரையை மட்டுமே பிரித்தெடுக்கலாம். அத்துண்டைக் குளிர்ந்த நீரில் முகம் மேலாக மிதக்கவிட்டு, கால் மணி நேரம் பொறுத்தால் பசை இளகி முத்திரை தானே வழுகும். இழுத்துப் பிரிக்கலாகாது. பின்பு ஒற்றுத்தாளில் முகம் கீழாக வைத்து, நிழலில் உலர்த்தி, கனத்த புத்தகத்தின் இடையே ஓரிரவு வைத்தால் சுருக்கம் நீங்கும். நிறத் தாளில் ஒட்டிய முத்திரையைத் தனியாக ஊறவைக்க வேண்டும். சாயம் கலந்தால் எல்லாம் பாழ். இக்காலத்துத் தன்னொட்டு முத்திரைகள் சில நீருக்கு இளகா. அவற்றைச் சுற்றிலும் தாள் விட்டு வெட்டி வைப்பதே முறை.

ஆனால் முழு உறை கிடைத்தால், அதில் நீர் படவே கூடாது. கத்தரிக்கோலும் படக் கூடாது. முத்திரை, தபாற் குறி, விலாசம், எழுதியவரின் கையெழுத்து, பின்புறக் குறி ஆகியவை சேர்ந்த ஒரு முழுமை அது. ஊவாவின் சேகரிப்பாளர் முதலிற் கற்க வேண்டிய கட்டுப்பாடு இதுவே.

நான்காவது, பாதுகாப்பு. மலைநாட்டின் மழையும் மூடுபனியும் தாளின் எதிரிகள். ஈரத்தால் முத்திரையின் பின்பசை ஒட்டிக்கொள்ளும். கபில நிறப் புள்ளிகள் தோன்றிப் பரவும். அல்பத்தைப் படுக்க வைத்து மேலே பாரம் ஏற்றாமல், நிமிர்த்தி, சுவரோடு சேராத அலுமாரித் தட்டில் வைக்க வேண்டும். வெயில் உள்ள நாளில் காற்றாட விரித்துப் பார்ப்பது நன்று. நேர்வெயில் மட்டும் கூடாது, நிறம் வெளிறிவிடும். ஒட்டுநாடாவும் பசையும் எக்காரணத்தாலும் அருகில் வரலாகாது. பொலித்தீன் உறையிற் காற்றுப் புகாமற் கட்டி வைப்பதும் ஈரத்தைச் சிறைவைப்பதாகவே முடியும்.

ஐந்தாவது, பார்க்கக் கற்றல். தமிழாசிரியர்கள் விரும்பக்கூடிய ஓர் உதாரணம் சொல்லலாம். 1952இல் வெளியான முப்பத்தைந்து சத ஓர்க்கிட் மலர் முத்திரையின் தமிழ் வாசகத்தில் ஓர் எழுத்தின் மேல் இருக்க வேண்டிய புள்ளி விடுபட்டுப் போயிற்று. 1954இல் அப்புள்ளி சேர்க்கப்பட்டு, திருந்திய அச்சு வெளிவந்தது. உலகெங்கும் உள்ள விவரப் பட்டியல்கள் இவ்விரண்டையும் தனித்தனி வகையாகக் குறிக்கின்றன. தமிழ் அறியாத சேகரிப்பாளர் உருப்பெருக்கியால் தேடிக் காணும் வேறுபாட்டைத் தமிழ்ப் பிள்ளை வெறுங்கண்ணாற் காணும். மெய்யெழுத்துக்குப் புள்ளி எத்துணை இன்றியமையாதது என்பதை வகுப்பறையில் விளக்க, இதனினும் சுவையான கருவி கிடைப்பது அரிது.

உரிமையும் பொறுப்பும்

இறுதியாக, வளர்ந்தவர் மட்டுமே உணரக்கூடிய ஒரு பொறுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். றங்குப் பெட்டியிலுள்ள கடிதம் ஒரு குடும்பத்தின் அந்தரங்கம். அதில் கடன் இருக்கும், கண்ணீர் இருக்கும், ஒருகாலத்துக் கோபமும் இருக்கும். ஏழைக் கிழவி ஒருத்தியிடம் நூறு ரூபாவைக் கொடுத்துவிட்டுக் கட்டோடு அள்ளிச் செல்வது சேகரிப்பு ஆகாது. அம்மூதாட்டி அருகில் அமர்ந்து, யார் எழுதியது, எவ்வூர், என்ன உறவு என்று கேட்டு, அவர் சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டும். கடிதத்தை அவரிடமே விட்டுவிட்டு, உறையை மட்டும் மனமுவந்து தருவாராயின் பெற்றுக்கொள்ளலாம். தர மனமில்லையேல், புகைப்படம் எடுத்துக்கொண்டு, பூச்சி அணுகாமல் வைக்கும் முறையை அவருக்குச் சொல்லிக் கொடுத்து வரலாம். பொருள் அவரிடம் இருக்கும், செய்தி அழியாது. நமக்கு வேண்டியது அதுவே.

விலாசத்தில் உள்ள தோட்டப் பெயரையும் உற்று நோக்க வேண்டும். ஆங்கிலத் துரைமார் தம் ஊர்ப் பெயர்களைத் தோட்டங்களுக்குச் சூட்ட, தொழிலாளர் தமக்குத் தோன்றிய தமிழ்ப் பெயரால் அவற்றை அழைத்தனர். பெர்குசன் குடும்பத்தார் வெளியிட்ட பழைய இலங்கைக் கைநூல்கள் தோட்டங்களின் தமிழ்ப் பெயர்களையும் பட்டியலிட்டன. அப்பெயர்களிற் பல இன்று பேச்சுவழக்கிலும் மறைந்துவருகின்றன. ஏதோ ஒரு கிராமத்துத் தந்தை எழுதிய விலாசத்தில் அத்தகைய பெயர் ஒன்று தப்பியிருக்குமானால், அது மொழிக்கும் ஆதாயமே.

இப்பணியைத் தனியொருவர் முடிக்க இயலாது. ஆசிரியர்கள் ஒவ்வொரு பாடசாலையிலும் ஓர் அல்பம் தொடங்கலாம். மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டில் மூத்தவரிடம் கேட்டு, ஒரே ஓர் உறையின் கதையை ஒரு பக்கம் எழுதி வரட்டும். இலக்கிய வட்டங்கள் ஆண்டுக்கொரு முறை அவற்றைக் காட்சிக்கு வைக்கட்டும். பத்து ஆண்டில் ஊவாவின் தபாற் சரித்திரத்துக்கு ஒரு முதல் ஏடு உருவாகிவிடும். இதற்குச் செலவு சொற்பம். வேண்டுவது பொறுமை ஒன்றே.

தியத்தலாவைக் கைதிகளின் உறைகளைத் தேடிச் சேர்த்தவர்களும் சாதாரண மனிதரே. மாலை வேளையில் மேசை விளக்கின் கீழ் அமர்ந்து பார்த்தவர்களே. அவர்கள் செய்ததை நாமும் செய்யலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டிலுள்ள பழைய பெட்டியைத் திறந்து, உறை ஒன்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, அதன் மேலுள்ள தபாற் குறியை எழுத்துக் கூட்டிப் படித்துப் பாருங்கள். ஊரும் நாளும் தெரிந்துவிட்டால், சேகரிப்புத் தொடங்கிவிட்டது என்றே கொள்ளலாம்.